புது ரேம் போட்ட பிறகு கணினி கிராஷ் ஆகிறதா? தர்க்கம் சொல்லித்தரும் சோதனை



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினியைத் தூக்கிப் போட மனசில்லாமல், ரேம் கூட்டி, எஸ்.எஸ்.டி. மாட்டி ஓட்டப் பார்ப்பவர்கள் நம்மில் பலர். லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத் தோட்டங்களில் அக்காவின் பல்கலைக்கழக விண்ணப்பம், தம்பியின் எஸ்.பி.எம். பாடம் எல்லாமே பல வீடுகளில் ஒரே கணினியில்தான். அது ரேம் போட்ட மறுநாளே கிராஷ் ஆனால், "மதர்போர்டு போயிருச்சு லா, புதுசு வாங்கிடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பணத்தை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அது மதர்போர்டுதான் என்று எப்படித் தெரியும்?

இரண்டு பக்கமும் பார்

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகம், நியாய சாஸ்திரம் படிப்பவர்களுக்கு ஆரம்பப் பாடநூல். அதில் வரும் உதாரணம் புகையும் நெருப்பும். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுப்படி போல. இது அன்வயம். நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, ஏரி போல. இது வியதிரேகம். இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் தொடர்பு உறுதியாகும்.

"ரேம் போட்ட பிறகு கிராஷ் ஆச்சு" என்பது பாதிதான். பெட்டியைத் திறந்தபோது கை பட்டு ஒரு கேபிள் தளர்ந்திருக்கலாம். ரேம் ஸ்லாட்டில் சரியாக உட்காமல் இருந்திருக்கலாம். ஆகவே புது ரேம் இருந்தால் கிராஷ், எடுத்தால் கிராஷ் இல்லை, திரும்பப் போட்டால் மறுபடியும் கிராஷ். இந்த மூன்றும் நடந்தால்தான் குற்றவாளி ரேம்.

செய்முறை

1. முதலில் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். கிராஷ் ஆகிக்கொண்டிருக்கும் கணினியில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

2. எந்த நேரம், என்ன செய்யும்போது, திரையில் என்ன எழுத்து வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பிழைத் திரை வந்தால் ரேம், டிரைவர், டிஸ்க் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். எதுவும் காட்டாமல் பட்டென்று அணைந்தால் மின்சாரத்தையும் சூட்டையும் முதலில் பாருங்கள்.

3. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

4. பழைய ரேமை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் வைத்து ஓட்டுங்கள். அடுத்து, ஸ்லாட்டை மாற்றி இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தம் நான்கு சோதனை. புது ரேம் எந்த ஸ்லாட்டிலும் கிராஷ் ஆனால் கோளாறு ரேமில், அல்லது அந்த ரேம் உங்கள் போர்டுக்குப் பொருந்தாதது. ஒரு ஸ்லாட்டில் மட்டும் எந்த ரேமும் கிராஷ் ஆனால் கோளாறு ஸ்லாட்டில். தனித்தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் கிராஷ் ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

5. ஸ்டார்ட்டில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டுங்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க இலவச மெம்டெஸ்ட்86 இருக்கிறது. ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிராஷ் ஆகும் கணினி பத்து நிமிஷம் ஓடிவிட்டது என்றால் அது எதையும் நிரூபிக்காது. குறைந்தது ஆறு மணி நேரமாவது ஓட விடுங்கள்.

வாங்கும்போது

டி.டி.ஆர்.3-க்கான ஸ்லாட்டில் டி.டி.ஆர்.4 நுழையாது. டி.டி.ஆர்.3 1.5 வோல்ட், டி.டி.ஆர்.3எல் 1.35 வோல்ட். சில லேப்டாப்புகள் 1.35 மட்டுமே ஏற்கும். கிராஃபிக்ஸ் கார்டு என்றால், அதற்கான ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் வேண்டும். பழைய ஆபீஸ் கணினிகள் பலவற்றில் அந்தக் கேபிளே இருக்காது.

தோட்ட வீட்டில் இன்னொரு சோதனையும் தேவை. விசிறி, ஃபிரிட்ஜ், கணினி மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்தால், கணினியை மட்டும் சுவர் பிளக்கில் நேராக மாட்டிப் பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால் ரேமைக் குறை சொல்ல வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

பெரியவர்களும் தடுமாறிய இடம்

இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், விளையாட்டைத் திறந்தால் கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை என்று பிழை வந்தது. கார்டைத்தான் யாருக்கும் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் கோளாறு பிராசஸரில் இருந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் அது பழுதாகியிருந்தது. 2024-இல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே பழுதான பிராசஸரை அந்தத் திருத்தம் குணமாக்காது. திரையில் வரும் எழுத்து அடையாளம்தான், காரணம் அல்ல.

கிளைக் கூட்டத்தில் பேச

1. புது ரேமை எடுத்ததும் கிராஷ் நின்றது. திரும்பப் போட்டோம், கிராஷ் வரவில்லை. என்ன காரணமாக இருக்கலாம்?

2. "அவன் நம்ம கிளைக்கு வந்த பிறகுதான் சண்டை" என்று ஒருவரைச் சொல்கிறார்கள். அன்வயம், வியதிரேகம் இரண்டையும் வைத்து இதை எப்படிச் சோதிப்பீர்கள்?