காலையில் என்ன சாப்பிட்டீங்க?

சாத்தூரில் பஸ் ஏறினால் கோவில்பட்டிக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அதற்குள் அரைக் கிலோ காராச்சேவை நான் ஒருவனே தின்று முடித்துவிடுவேன். ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்து, பொட்டலத்தைப் பைக்குள்ளேயே பிரிப்பேன். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாதென்று இரண்டு விரலால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பேன். பூண்டு வாசமும் மிளகாய்க் காரமும் முதல் நாலைந்து வாய்க்குத்தான் தெரியும். அதற்கு மேல் ருசி இருக்காது, கை மட்டும் போய் வந்துகொண்டிருக்கும். இறங்கியதும் தாளைக் கசக்கி எறிவேன். குழாயில் வாய் கொப்பளித்து, கையைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு வீட்டுக்கு நடப்பேன். "தோசை ஊத்தட்டுமாங்க?" என்று மனைவி கேட்பாள். வேண்டாம் என்றால் காரணம் கேட்பாளே என்று அதையும் சாப்பிடுவேன்.

ஆறு வருடம் இப்படி ஓடியது. நாளையிலிருந்து தொட மாட்டேன் என்று எத்தனை இரவு சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. குடியை விட முடியாமல் தவித்த என் மாமாவை ஒரு காலத்தில் மனதுக்குள் ஏசியிருக்கிறேன். அவர் பட்ட பாடு என்னவென்று இந்த ஆறு வருடத்தில்தான் புரிந்தது.

நாற்பத்து மூன்று வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.3 என்று வந்தது. 6.5 என்றால் சர்க்கரை நோய். எங்கள் ஊர் டாக்டரம்மாவிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"டீ மட்டும், மேடம்."

"மத்தியானம்?"

"ரெண்டு சப்பாத்தி. சில நாள் அதுவும் இல்ல. ராத்திரி தின்னதுக்குச் சரிக்கட்டணும்ல."

"அப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க ஒடம்பு வேற என்ன செய்யும், சொல்லுங்க?"

அந்தக் கேள்வியில்தான் என் முடிச்சு அவிழத் தொடங்கியது. அதுவரை தின்பதை மட்டுமே நோயாகப் பார்த்துவந்தேன். பட்டினி கிடப்பதை அதற்கு மருந்து என்று நம்பினேன். அரிசியை அறவே விடு, காலை உணவைத் தவிர் என்று ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் எழுதிக் கொடுத்த அட்டவணையை மூன்று முறை பின்பற்றியிருக்கிறேன். மூன்று முறையும் அதன் பிறகு முன்னைவிட அதிகமாகத் தின்றேன்.

பிறகு தேடிப் படித்ததில் என்னை உலுக்கியது ஒரு பழைய ஆய்வு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944–45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் நடத்தியது. உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார்கள். நாள் முழுக்க அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது. சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு சிலர் வயிறு வெடிக்கும் அளவு தின்றும் பசி அடங்காமல் தவித்தார்கள். தாமாக முன்வந்த, மன உறுதிக்குக் குறைவில்லாத மனிதர்கள் அவர்கள். பட்டினி அவர்களையே அப்படி ஆக்கியிருக்கிறது என்றால் என்னை நான் இவ்வளவு வெறுக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

ருசி போன பிறகும் கை ஏன் நிற்கவில்லை என்பதற்கும் விளக்கம் கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் பல வருட ஆய்வில் காட்டியது இது: ஒன்றை ரசிப்பதும், அது வேண்டும் வேண்டும் என்று இழுப்பதும் மூளையில் வேறு வேறு வேலைகள். டோபமைன் என்ற ரசாயனம் முக்கியமாக இரண்டாவதோடு சேர்ந்தது. ரசனை அடங்கிப்போன பிறகும் இழுப்பு ஓடிக்கொண்டே இருக்கலாம். மாவும் எண்ணெயும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்த பண்டங்களில் அந்த இழுப்பு பலமாக இருக்கும். வெள்ளரிக்காயை ஒளித்து வைத்துத் தின்பவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

இந்த இழுப்பை அடிமைத்தனம் என்று சொல்லலாமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. 2009இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதை அளப்பதற்கு ஒரு கேள்விப் பட்டியல் உருவாக்கினார்கள். ஆனால் 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 'உணவு அடிமைத்தனம்' என்று ஒரு நோய் கிடையாது. கட்டுப்பாடு இழந்து, குறுகிய நேரத்தில், அளவுக்கு மீறி உண்ணும் கோளாறு மட்டும் அதில் தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது. பெயர் எதுவானாலும் எனக்குச் சம்மதம். நம் மணிமேகலையில் காயசண்டிகை எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்ற பசியால் வாடினாள். அதை நோய் என்றே அந்தக் காப்பியமும் சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

டாக்டரம்மா சொன்னபடி முதலில் செய்தது ஒன்றே ஒன்று, நேரத்துக்குச் சாப்பிடுவது. காலை எட்டு மணிக்கு இட்லியோ பொங்கலோ வயிறார. மதியம் சோறு, குழம்பு, பொரியல், முடிந்தால் ஒரு முட்டை. நாலரை மணிக்கு அலுவலகத்திலேயே அவித்த சுண்டல் ஒரு கிண்ணம். நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடுவதில்லை. எடை ஏறிவிடும் என்று முதல் இரண்டு வாரம் பயந்துகொண்டேதான் சாப்பிட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சேவுக்கடையைத் தாண்டி வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், வாங்கவில்லையே என்று நினைவு வந்தது. அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

எல்லா நாளும் அப்படி இல்லை. அதனால் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். தின்றதன் அளவையோ கலோரியையோ எழுதவில்லை. இழுப்பு வந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, இவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் பாதிக்கு மேல் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட நாட்கள். மீதி, முந்தின இரவு தூக்கம் கெட்ட நாட்களும், வீட்டுக் கடன் தவணை நினைப்பு வாட்டிய நாட்களும். பசிக்குச் சாப்பாடு போதும். கடன் கவலைக்குச் சாப்பாட்டால் ஒன்றும் ஆகாது என்பதை அந்த நோட்டில்தான் கண்டேன். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். இழுப்பு அலை மாதிரி எழும்பும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். எதிர்த்துச் சண்டை போடாமல், நெஞ்சில் எங்கே பிடிக்கிறது, வாயில் எப்படி ஊறுகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பெரும்பாலும் இருபது நிமிடம்.

மனைவியிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். கொடியிலிருந்த கைக்குட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த எண்ணெய்க் கறைய நாந்தானே தொவைக்கேன். எனக்குத் தெரியாதாங்க? நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

ஆறு வருடம் நான் ஒளித்தது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்றைக்குப் பிறகு ஒளிந்து தின்ன எனக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. சனிக்கிழமைகளில் இருநூறு கிராம் சேவு வீட்டுக்கே வாங்கி வருகிறேன். கிண்ணங்களில் போட்டு டீயோடு எல்லோருமாகச் சாப்பிடுகிறோம். சிலருக்கு இது சரிப்படாது. ஒரு பண்டத்தை அடியோடு விட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. பாட்டில் குளிர்பானங்களை நானும் அப்படித்தான் விட்டேன். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் நோட்டு சொல்லும். தின்றதை வாந்தி எடுக்கிறீர்கள், பேதி மாத்திரை போடுகிறீர்கள், வாழ்வே வெறுத்துப்போகிறது என்றால் தயவுசெய்து தனியாகப் போராடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

போன மாதம் சித்தப்பா இறந்தார். மயானத்திலிருந்து வந்த மறுநாள், பஸ்ஸில் மறுபடியும் அரைக் கிலோ. கடைசித் துணுக்கு வரை தின்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "சரி, படுங்க" என்றாள். முன்பென்றால் மறுநாள் முழுக்கப் பட்டினி கிடந்திருப்பேன். காலை எட்டு மணிக்குத் தட்டு வைத்தாள். நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, கொஞ்சம் சாம்பார். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.