வகுப்பைப் பார்வையிடும் முறையும் உபாத்தியாயரின் போதனையும்

ஒகேனக்கல்லில் பரிசல் செல்வதைக் கரையில் நின்று பார்ப்போர் பலர். துடுப்பு எவ்விடத்தில், எப்படி விழுகிறதென்று கவனிப்பவரே அத்தொழிலை அறிவர். அவ்வூர்ப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பைப் பார்ப்பதற்கும் இதுவே விதி.

2009-ஆம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சர்க்கார் பாடசாலைகளின் மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். ஆகையால் சங்க அங்கத்தினரிற் பலருக்கும் இக்கடமை நேரக்கூடும்.

பார்ப்பவர் எதைத் தேடுகிறாரோ, உபாத்தியாயர் அதையே காட்ட முற்படுவார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் பல பாடசாலைகளுக்குப் பரீட்சைத் தேர்ச்சியைப் பொறுத்தே உதவித்தொகை அளிக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் முன் தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பணம் கிடைத்தது. எனவே நெட்டுருவே போதனையாயிற்று. பழைய கடனை அடைத்த மறுநாளே புதுக் கடன் வாங்கும் அங்கத்தினரின் கணக்கில் பாக்கி தோன்றாது. ஆனால் அவர் கடனாளியே. பொருள் விளங்காமல் ஒப்பிக்கும் பிள்ளையின் தேர்ச்சியும் அத்தகையதே.

போதனை முறை மாறினால் பார்வையும் மாறவேண்டும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பாடசாலைகளில் தொடங்கி 2007-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு ஏணிப் படி போல் தத்தம் வேகத்தில் முன்னேறினர். உபாத்தியாயர் அவர்களோடு தரையில் அமர்ந்தார். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரிக்கப்பட்டனர். இத்தகைய வகுப்பில் பேச்சொலி இருக்கவே செய்யும். நிசப்தத்தை மட்டும் மெச்சுபவர் வந்தால், உபாத்தியாயர் அட்டைகளை மூடிவைத்துக் கரும்பலகைமுன் நின்றுவிடுவார். நஷ்டம் பிள்ளைகளுக்கே.

ஆகவே பார்வையிடுவோர் கவனிக்கத்தக்கவை:

1. வினா எழுப்பியபின் பிள்ளைகள் யோசிக்க அவகாசம் உண்டா? எப்பொழுதும் ஒரே பிள்ளைதான் விடை கூறுகிறதா?

2. தவறான விடைக்கு அதட்டல் கிடைக்கிறதா, அல்லது தவறு எங்கே நேர்ந்ததென்று ஆராயப்படுகிறதா?

3. கடைசி வரிசைப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது?

கண்டதைப் பிள்ளைகளின் முன்னிலையில் கூறலாகாது. வகுப்பு முடிந்தபின் உபாத்தியாயரிடம் தனியே பேசுக. முதலில் கண்ட நன்மையைச் சொல்லி, பின்னர் ஐயத்தைக் கேட்கவேண்டும். அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பதற்குத் தக்க காரணம் இருக்கலாம். ஒரே நாளில் முடிவு செய்யாது மறுபடியும் செல்லுதல் நலம். குற்றம் பிடிக்க வருபவர்முன் ஒத்திகை பார்த்த பாடமே நடைபெறும். துணையாக வருபவர்முன்தான் தினசரிப் பாடம் நடைபெறும். திருத்தம் வேண்டுவது தினசரிப் பாடத்துக்கே.

கூட்டத்தில் ஆலோசிக்க: நம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்றவர்கள் இதுவரை எதைப் பார்த்துவந்தனர்? சுவரையும் கூரையையும் மட்டுமா, பிள்ளைகள் கற்பதையுமா?