ஈர்க்குக் கட்டா, மணிச்சட்டமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்துக்குப் பதினொரு நிலை. அண்ணாந்து பார்த்து ஆறு வயதுப் பிள்ளை எண்ணிவிடும். ஆனால் 11 என்று எழுதும்போது முதல் ஒன்றுக்குள் பத்து நிலை அடங்கியிருப்பது அதற்குப் புரிந்ததா? எண் சொல்லித்தர எந்தப் பொருளை வாங்குவதானாலும் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக முக்கியம். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் அடுத்த படியின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. எண்பத்தெட்டு வரை தடையில்லாமல் வந்த பிள்ளை, தொண்ணூறில் ‘நூறு’ காதில் விழுந்ததும் தடுமாறும். திட்டினால் தீராது. பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது கட்டுகளை முன்னால் வைத்து, ‘நூறுக்கு இன்னும் ஒரு கட்டு வேணும்’ என்று அதன் வாயாலேயே சொல்ல வைத்தால் தீரும்.

அதற்குத் தென்னை ஈர்க்கு போதும். விரல் நீளத்துக்கு நறுக்கி, முனையை மழுக்கி, பத்துப் பத்தாக நூலால் கட்டச் சொல்லுங்கள். ராஜபாளையம் மாதிரி மில் ஊரில் நூலுக்கா பஞ்சம்? நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். பத்து ஒன்றுகள் ஒரு பத்தாவது முடிச்சுப் போடும் கையில்தான் பதிகிறது.

மாண்டிசோரி மணிகள் இதே வேலையை இன்னும் அழகாகச் செய்யும். ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறின் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தவர் மரியா மாண்டிசோரி. ஆயிரத்தைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு அதன் கனம் தெரியும். ஈர்க்கில் அந்த அனுபவம் வராது. ஆனால் விலை கூடுதல். பள்ளியில் இருந்தால் போதும், வீட்டுக்கென்று வாங்க வேண்டியதில்லை.

ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரை நிறம் நிறமாக வரும் குசினேர் கோல்கள், ஏழோடு மூன்று சேர்ந்தால் பத்து என்பதைக் காட்ட நல்லவை. எண்ணவே பழகாத சின்னப் பிள்ளைக்குப் பல்லாங்குழி. குழிக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டுக்கொண்டே போவதுதான் முதல் கணக்கு. எதையும் வாயில் போடும் வயதென்றால் காத்திருங்கள்.

அரசுப் பள்ளியில் 2022 முதல் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் உங்கள் பிள்ளை இருந்தால், ஆசிரியர் எந்தப் பொருளைக் கொண்டு சொல்லித் தருகிறார் என்று கேட்டு, வீட்டிலும் அதையே தொடருங்கள்.

அபாகஸ் வகுப்புக்கு அனுப்பலாமா? ஆறு வயதில் வேண்டாம் என்பேன். அபாகஸ் எனும் மணிச்சட்டத்தில் ஒன்றும் பத்தும் ஒரே அளவு மணி. எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதே வேறுபாடு. பத்தைக் கண்ணால் கண்டிராத பிள்ளைக்கு அது வெறும் விரல் பழக்கமாகிவிடும்.

ஒரு சோதனை இருக்கிறது. 32இலிருந்து 17 எடுக்கச் சொல்லுங்கள். மூன்று கட்டு, இரண்டு உதிரி. ஏழை எடுக்க உதிரி போதாது. ‘கடன் வாங்கு’ என்று சொல்லிக் கொடுக்காமல் பொறுத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை ஒரு கட்டை அவிழ்க்கும். கட்டைத் தொடாமலே ‘ஒண்ணை அவுக்கணும்’ என்று சொல்லும் நாளில், ஆசைப்பட்டால் அபாகஸில் சேருங்கள்.