கன்றுக்கொட்டிலில் முதல் வேலை



விக்ரோறியா மாநிலத்தில் கிப்ஸ்லாண்ட், வோர்ணம்பூல் பக்கத்துப் பாற்பண்ணைகளில் யூலை முதல் செப்டெம்பர் வரை நிறையப் பசுக்கள் கன்று போடும். அந்த மாதங்களில் பண்ணைக்காரருக்குக் கையுதவிக்கு ஆள் தேவை. "மாடு வளர்த்த அனுபவம் இருக்கா?" எண்டு கேட்டால் எங்கட ஆக்கள் உடனே "ஓம்" எண்டு சொல்லுவினம். பொய்யில்லை, வளர்த்தவைதான். ஆனால் ஊரில் கன்று தாயோடு நிக்கும். இங்கே பெரும்பாலும் முதல் நாளே தாயிடமிருந்து பிரித்து, கொட்டிலுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். தாய் கதறும். முதல் கிழமை அது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். கன்றைத் தூக்கப் போகும்போது தாய்க்கு முதுகைக் காட்டாதேங்கோ. சாதுவான பசுவும் அன்றைக்கு முட்டும்.

பிரித்த பிறகு தாய் செய்யும் வேலை உங்களுடையது. அதில் முதலாவது கடும்புப்பால். ஊரில் அதைச் சர்க்கரை போட்டு அவிச்சு அயலுக்கும் குடுப்பம். இங்கே அதன் பெயர் கொலோஸ்ட்ரம், அது கன்றுக்கு மருந்து மாதிரி. மனிதக் குழந்தைக்குப் போல, தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குக் கிடைப்பதில்லை. பிறந்த பிறகு கடும்புப்பாலில் இருந்துதான் அதைப் பெறவேண்டும். அந்தச் சக்தியை உறிஞ்சும் திறன் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அனேகமாக நின்றுவிடும். அதனால் பிறந்த 2 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிகவும் நல்லது, பிந்தினாலும் 6 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. 40 கிலோ கன்றுக்கு ஏறக்குறைய 4 லீற்றர். சிறிய ஜேர்சிக் கன்றுக்கு 3 லீற்றர் அளவு. இரவு பிறந்த கன்று குடிச்சுதா எண்டு தெரியாவிட்டால் "குடிச்சிருக்கும்" எண்டு நினைத்து விடாதேங்கோ, முதலாளியைக் கேளுங்கோ.

தொப்புளுக்கு அயடீன் அடிப்பதும் அதே நேரத்து வேலை. ஈரத் தொப்புள் வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். பால் கொடுக்கும்போது கன்று தாயிடம் குடிக்கிற மாதிரியே கழுத்தை நீட்டி நிற்க வேண்டும். குடிக்க மறுத்தால் தொண்டைக்குள் குழாய் விட்டுக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. யாராவது பக்கத்தில் நின்று பழக்காமல் அதைத் தொடாதேங்கோ. குழாய் வழி மாறினால் பால் சுவாசப்பைக்குள் போய்க் கன்று செத்துவிடும்.

இனி, நான் இதை எழுதக் காரணமான விடயம். சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் கிழமை. மாலையில் ஒரு கன்று தண்ணியாகக் கழிந்திருக்கு. வேலை போய்விடும் எண்ட பயத்தில் வாலையும் பின்காலையும் கழுவித் துடைத்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் படுக்கப் போய்விட்டான். விடிய அந்தக் கன்று செத்துக் கிடந்தது, பக்கத்தில் இரண்டுக்கு வயிற்றோட்டம். பண்ணைக்காரர் கன்று செத்ததற்கு ஏசவில்லையாம். "ஏன் எனக்குச் சொல்லவில்லை" எண்டு தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். தம்பிக்கு அது விளங்கக் கனநாள் எடுத்தது. பிழையைச் சொன்னால் அடி விழும் இடங்களில் இருந்து வந்தவர்கள் நாங்கள், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டிலில் அது கன்றைக் கொல்லும்.

கன்றின் வயிற்றோட்டத்தை இங்கே 'ஸ்கவர்ஸ்' எண்டு சொல்லுவார்கள். ஆங்கிலம் வராவிட்டாலும் "காஃப் சிக், ஸ்கவர்ஸ்" எண்ட மூன்று சொல் போதும். கன்றின் காதில் இருக்கும் இலக்கத்தையும் சொல்லுங்கோ. கழிவதற்கு முன்பே அடையாளம் தெரியும்: காது தொங்கும், பால் வாளிக்கு ஓடி வராது, விரலை வாயில் வைத்தால் சூப்பாது. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கோ. உடனே படியாமல் 2 செக்கனுக்கு மேல் நின்றால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. கண் குழி விழுந்தால் இன்னும் மோசம். பாலை நிற்பாட்டத் தேவையில்லை. பால் வேளைகளுக்கு இடையில், பண்ணையில் உள்ள உப்புக் கரைசல் 2 லீற்றர் தனியாகக் கொடுப்பார்கள். நோய்க் கன்றை வேறாக வைத்து, அதற்குக் கடைசியாகப் பால் கொடுங்கோ. வாளியும் சப்பாத்தும் கிருமியைக் காவும். எந்த மருந்து ஊசியையும் நீங்களாகப் போட வேண்டாம்.

அந்தத் தம்பியின் கதை அதோடு முடியவில்லை. நாலு நாளில் அவனுக்கும் வயிற்றோட்டம். கொட்டிலுக்குள் இருந்தே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவன். கிரிப்டோஸ்பொரிடியம், சல்மனெல்லா போன்ற கிருமிகள் கன்றிலிருந்து மனிதருக்கும் வரும். மருத்துவரிடம் போனபோது கன்றோடு வேலை செய்வதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நீங்கள் கட்டாயம் சொல்லுங்கோ. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, கை கழுவும் ஜெல் கிரிப்டோஸ்பொரிடியத்துக்குப் போதாது. வேலைச் சப்பாத்தை வீட்டுக்குள் கொண்டுவராதேங்கோ, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால். கியூ காய்ச்சல் எண்ட நோய்க்கு இங்கே தடுப்பூசி உண்டு. வேலை தொடங்க முன் அதைப் பற்றிக் கேளுங்கோ.

ஆண் கன்றுகள் பலவற்றைச் சில நாளில் இறைச்சிக்கு அனுப்புவார்கள். அவற்றைப் 'பொபி' கன்று எண்பார்கள். குறைந்தது 5 நாள் வயது ஆகியிருக்க வேண்டும், ஏற்றுவதற்கு முந்தின 6 மணித்தியாலத்துக்குள் பால் கொடுத்திருக்க வேண்டும். அனுப்பப் போகிற கன்றுதானே எண்டு பாலைக் குறைக்கச் சொன்னால் செய்யாதேங்கோ. லொறியில் ஏற்ற மனம் வராதவர்கள் வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுவது நல்லது. சிலர் அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள்.

வேலையை ஏற்கும் முன் உங்கள் பிரிட்ஜிங் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்கா எண்டு பாருங்கோ. 8101 எண்ட நிபந்தனை இருந்தால் வேலை செய்ய முடியாது, எங்களிடம் வாங்கோ. அனுமதி உள்ளவர்கள் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் தினமும் ஒரு கொப்பியில் தமிழிலேயே எழுதி வையுங்கோ. கன்று போடும் காலத்தில் விடிய 5 மணிக்குத் தொடங்கி இருட்டும் வரை போகும், பிறகு நினைவில் நிற்காது. சம்பளம் தந்து ஒரு வேலை நாளுக்குள் சம்பளத் துண்டும் தரவேண்டும். கணக்குப் பிழைத்தால் 131 450 எண்ட இலக்கத்துக்கு எடுத்து "தமிழ்" எண்டு சொல்லுங்கோ. மொழிபெயர்ப்பாளர் வந்ததும் ஃபெயார் வேர்க் 13 13 94 க்கு இணைக்கச் சொல்லிக் கேளுங்கோ. பேசும்போது அந்தக் கொப்பியைக் கையில் வைத்திருங்கோ.