ஃப்யூயல் டாங்க்குக்குப் போகும் பேத்திக்கு

கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்து விடியுமுன் கிளம்பி, மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. விமானப் பராமரிப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. "ஃப்யூயல் சிஸ்டம் படம் சிக்குக்கோலம் மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். ஹேங்கரில் தலை நரைத்தவன் நான். அவளுக்குச் சொன்னதை எழுதியும் கொடுத்தேன்.

1. டாங்க் எங்கே என்று தேடாதே கண்ணு. இறக்கையேதான் டாங்க், மூட்டுகளில் சீலண்ட் பூசி அடைத்திருப்பார்கள். வயிற்றுப் பக்கம் நடு டாங்க். அதைத்தான் முதலில் காலி செய்வார்கள். ஏனென்றால், பறக்கும்போது காற்று இறக்கையை மேலே வளைக்கிறது. உள்ளே இருக்கும் எரிபொருளின் கனம் அதைக் கீழே அமுக்கிப் பிடிக்கிறது. 737-இல் நடு டாங்க் பம்புக்கு அழுத்தம் அதிகம். எல்லா பம்பையும் போட்டாலும் அதுதான் முந்தும்.

2. க்ராஸ்ஃபீட் வால்வு ஒரு பக்கத்து எரிபொருளை மறுபக்க இன்ஜினுக்குக் கொடுக்கும். ஒழுக்கு இருந்தால் அதே வால்வு எமன். 2001 ஆகஸ்ட் 24-இல் ஏர் டிரான்சாட் ஏ330 விமானத்தில் ஒழுகுகிற பக்கத்துக்கே நல்ல பக்கத்து எரிபொருளும் போய்ச் சேர்ந்தது. இரண்டு இன்ஜினும் நின்று, அசோர்ஸ் தீவில் மிதந்து இறங்கினார்கள்.

3. தண்ணீரை மறக்காதே. 2001-இல் நம் தங்கச் சுரங்கத்தை மூடி பம்புகள் நின்றதும் குழிகளில் தண்ணீர் ஏறியதே, அதைப் போல டாங்க்கிலும் அது சத்தமில்லாமல் அடியில் சேரும். இரவெல்லாம் நின்ற விமானத்தில், காலையில் பம்ப் போடுமுன் வடித்துப் பார். ஜாடி முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடே தெரியாது. எரிபொருள் என்று ஏமாந்துபோவாய். தண்ணீரைக் காட்டும் கேப்ஸ்யூல் நிறம் மாறுகிறதா பார், முகர்ந்தும் பார். ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரை உறையாது, தண்ணீர் உறையும். 2008-இல் பெய்ஜிங்கிலிருந்து வந்த 777, குழாயில் சேர்ந்த பனிக்கட்டி பெயர்ந்து வெப்பப் பரிமாற்றியை அடைத்து ஹீத்ரூ ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது.

4. லிட்டரில் வாங்குவோம், கிலோவில் பறப்போம். 1983 ஜூலை 23, ஏர் கனடா 767. கேஜ் வேலை செய்யவில்லை. குச்சி விட்டு அளந்தார்கள். தேவை 22,300 கிலோ. லிட்டருக்குச் சுமார் 0.8 என்று பெருக்கவேண்டியதை 1.77 என்று பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண். பாதிகூட இல்லாமல் கிளம்பி, நடுவானில் இன்ஜின்கள் நின்றுபோய், கிம்லியில் இறங்கினார்கள். பெருக்கலை ஒருவருக்கு மேற்பட்டவர் சரிபார்த்தும்தான் இது நடந்தது. ஆகவே அடுத்தவன் போட்ட கணக்கைப் பார்க்காதே. தனித்தாளில் நீயே போடு.

5. நிறைந்த டாங்க்கைவிட காலி டாங்க்குக்குப் பயப்படு. ஆவிதான் வெடிக்கும். 1996-இல் டிடபிள்யூஏ 800 விமானத்தின் நடு டாங்க் வெடித்து 230 பேர் போனார்கள். இப்போது பல விமானங்களில் டாங்க்கின் காலி இடத்துக்குள் நைட்ரஜன் விடுகிறார்கள்.

6. உள்ளே இறங்கும் நாள் வரும். காற்றடித்து, வாயு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தலையை விடவேண்டும். வெளியே ஒருவர் நிற்கவேண்டும். அவர் டீ குடிக்கப் போகிறேன் என்றால் நீயும் வெளியே வந்துவிடு. என் அப்பா சுரங்கக் குழியில் இறங்குமுன் டோக்கன் வாங்குவார், ஏறியதும் கொடுப்பார். இங்கே ஸ்பேனருக்கும் டார்ச்சுக்கும் அதே கணக்கு. எண்ணிக்கை சரியாகும்வரை மூடியைத் தொடாதே.