பனிக்கட்டியில் பதிந்த ஈயம்

பூமியின் வயது என்ன? பாறைகளிலும் விண்கற்களிலும் உள்ள ஈயத்தைத் துல்லியமாக அளந்தால் இவ்வினாவுக்கு விடை காணலாம். 1940களின் இறுதியில் அமெரிக்க அறிவியலறிஞர் கிளேர் பேட்டர்சன் இம்முயற்சியில் இறங்கினார். அவர் அளந்த பாறைத் துகள்களிலோ, இருக்க வேண்டியதைவிட மிக அதிகமான ஈயம் காணப்பட்டது. அது பாறையிலிருந்து வந்ததன்று. ஆய்வுக்கூடத்தின் தூசி, குழாய்நீர், கண்ணாடிக் குடுவை, ஆய்வாளரின் தலைமுடி என எங்கும் ஈயம் ஒட்டியிருந்தது!

எனவே, அவர் முதலில் ஆய்வுக்கூடத்தைத் தூய்மைப்படுத்தினார். கருவிகளை அமிலத்தால் கழுவினார். வடிகட்டிய காற்றை மட்டுமே உள்ளே விட்டார். பல ஆண்டு உழைப்புக்குப் பின், 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என அறிவித்தார்.

ஆனால், காற்றில் இவ்வளவு ஈயம் எப்படி வந்தது? வாகன இயந்திரம் சீராக ஓடுவதற்காக 1920களிலிருந்து பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நச்சு. ஈயம் தயாரித்த தரப்பினரோ, மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கையே என்று வாதிட்டனர். இயற்கையான அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தானே இதற்குப் பதில் கூற முடியும்?

அப்பதில் கிரீன்லாந்தில் உறைந்து கிடந்தது. அங்கு ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியிலுள்ள அடுக்கு பழங்காலக் காற்றின் பதிவு. மேலடுக்கு அண்மைக் காலத்தின் பதிவு. பேட்டர்சன் குழுவினர் அவ்வடுக்குகளை வெட்டியெடுத்து அளந்தனர். மேலே வர வர ஈயம் கூடியது. 1940க்குப் பிந்திய அடுக்குகளில் கிடுகிடுவென உயர்ந்தது.

எனினும், அவருக்குக் கிடைத்துவந்த எண்ணெய்த் துறையின் ஆய்வு நிதி நின்றது. காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971இல் அமைந்த தேசிய ஆய்வுக் குழுவிலும் அவருக்கு இடமில்லை. அவரைவிட நுட்பமாக ஈயத்தை அளந்தவர் அன்று யார் இருந்தார்?

1970களில் அமெரிக்க அரசு பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. 1982இல் அவ்விதியைத் தளர்த்தவும் ஆலோசித்தது. அவ்வேளையில், 1976 முதல் 1980 வரை நாடெங்கும் எடுக்கப்பட்ட இரத்தப் பரிசோதனையின் முடிவுகள் கைகொடுத்தன. பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, மக்களின் இரத்தத்திலும் அது குறைந்திருந்தது. தளர்த்தும் எண்ணம் கைவிடப்பட்டது. 1985இல் விதி மேலும் இறுகியது; 1996இல் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

சிங்கப்பூர் 1998இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் நிறுத்தியது. சிறிய விமானங்கள் பலவற்றின் எரிபொருளில் இன்றும் ஈயம் கலந்துள்ளது.