பியானோப் பட்டப் படிப்புக்கு ஆயத்தம்



சில ஞாயிறுகளுக்கு முன், பூசை முடிந்ததும் நெசவாளர் ஒருவர் தம் மகளோடு வந்து நின்றார். "சாமி, பிளஸ் டூ முடிச்சதும் பியானோவிலே பட்டம் படிக்கணும்ங்கிறா. கோவில்லே எந்தப் பாட்டைச் சொன்னாலும் கேட்ட உடனே வாசிச்சுடுறா. அது போதாதா? ஒரு தறியை வித்தாவது பியானோ வாங்கிக் கொடுத்துடறேன்" என்றார். தறியை விற்க வேண்டாம் என்று முதலில் சொன்னேன். போதுமா என்பதற்குப் பதில் சற்று நீளம். மற்றக் குடும்பங்களுக்கும் உதவுமென்று இங்கே எழுதுகிறேன்.

கேட்டதை வாசிப்பது பெருங்கொடை. ஆனால் மேல்நாட்டுச் சங்கீதம் கற்பிக்கும் கல்லூரிகளில் தேர்வு செய்வோர் பெரும்பாலும், பிள்ளை முன்பின் பார்த்திராத ஒரு தாளை வைத்து "வாசி" என்பார்கள். அங்கே காது மட்டும் துணைக்கு வராது. ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பைக் கண் படிக்க வேண்டும். இரண்டு கையும் உடனே கீழ்ப்படிய வேண்டும். இதைக் கேட்ட அந்தத் தகப்பனார், "டிசைன் கட்டத்தாள் மாதிரிதானே சாமி" என்றார். அதேதான்.

இளையராஜாவைப் பாருங்கள். அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராய் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் காதுக்கு என்ன குறை? ஆயினும் 1968-ல் சென்னைக்கு வந்த பின், ஏறக்குறைய 25 வயதில், தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவனாய் அமர்ந்து சுரக்குறிப்பைக் கற்றார். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976-ல்.

நம் நாட்டில் வழக்கமான படிகள், லண்டனிலுள்ள டிரினிட்டி கல்லூரியும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற வாரியமும் நடத்தும் கிரேடு பரீட்சைகள். மொத்தம் 8 கிரேடுகள். மேற்சொன்ன வாரியத்தின் பரீட்சையில் 150-க்கு 100 எடுத்தால் தேர்ச்சி. மூன்று உருப்படிகளுக்கு 90. ஸ்கேல் அப்பியாசத்துக்கு 21. பாராத தாளை வாசிப்பதற்கு 21. காதுப் பரீட்சைக்கு 18. கிரேடு 6-க்குப் போகுமுன் பொதுவாக 5-ஆம் கிரேடு தியரியும் முடித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் விழித்துக்கொண்டால் இத்தனையும் நடவாது. எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2020 முதல், வாசிப்பை வீடியோ எடுத்து அனுப்பும் பரீட்சை முறையும் அந்த வாரியத்தில் உண்டு. சென்னைக்குப் பஸ் ஏறாமல் ஆரணியிலிருந்தே எழுதலாமே என்று மகிழ்வோம். ஆனால் அம்முறையில் நான்கு உருப்படிகளை வாசித்தால் போதும். ஸ்கேலும் கிடையாது, காதுப் பரீட்சையும் கிடையாது, பாராத தாளும் கிடையாது. சான்றிதழில் 8 என்றே இருக்கும். கல்லூரி வாசலில் முழிப்பது பிள்ளைதான். அவ்வழியில் போகிறவர்கள் விட்டுப்போன மூன்றையும் வீட்டில் தனியே பழக வேண்டும்.

வாத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் கோவிலிலுள்ளது 61 கட்டைக் கீபோர்டு. பியானோவுக்கு 88 கட்டைகள். அழுத்தினால் விரலுக்குப் பாரம் தெரியும். இலேசான கட்டையில் பழகிய விரல் அதில் ஏறியதும் தளர்ந்துவிடும். 88 பாரக் கட்டைகளுள்ள மின்பியானோ தொடக்கத்துக்குப் போதும். சுருதி சேர்க்க ஆள் தேட வேண்டியதில்லை. தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பாவது உண்மைப் பியானோவில் வாசித்துப் பழகச் சென்னையில் இடம் பார்த்துக் கொள்ளுங்கள்.

சென்னையிலேயே ஏ.ஆர். ரகுமான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் பியானோ பயிற்றுவிக்கிறார்கள். ஆனால் எந்தக் கல்லூரியானாலும், அது கொடுப்பது பட்டமா டிப்ளமாவா, எந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கிறது, வாசித்துக்காட்ட எத்தனை உருப்படி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் வெவ்வேறு காலத்து உருப்படிகள் கேட்பார்கள்: பாக் ஒன்று, பேத்தோவனின் 32 சொனாட்டாக்களில் ஒன்றின் பகுதி, ஷோப்பான் ஒன்று என்பது போல.

அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வேலை இதுதான். நாள்தோறும் கால்மணி, நான்கு குரல் சுரக்குறிப்புள்ள பாட்டுப் புத்தகத்தில் புதிதாய் ஒரு பக்கம். எத்தனை மெதுவானாலும் சரி. தப்பினால் திரும்பிப் போகக்கூடாது, தாளம் நிற்கக்கூடாது. முதல் வாரம் அழுதாள். இப்போது இரண்டு வரி நிற்காமல் போகிறாள். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 மணிக்குப் பாடகர் மேடை திறந்திருக்கும். வேறு பிள்ளைகளும் வரலாம்.